தெற்கே பார்த்த துளைகள்

தென் இங்கிலாந்தில் கென்னட் ஏவன் கால்வாயின் வடகரை. காஞ்சொறி இடுப்பளவு வளர்ந்த இடத்தில் ஆறு பட்டைக் கான்கிரீட் அறை ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஊர்க்காரர்கள் இதை 'பில்பாக்ஸ்' என்கிறார்கள், மாத்திரை டப்பா. காவலரண் என்ற நம் சொல்தான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

குனிந்து நுழைகிறேன். ஈரமண் வாடை. நடுவே ஒரு தடுப்புச் சுவர்: சுடும் துளை வழியே பாயும் குண்டு தெறித்து, எதிர்ப்பக்கம் நிற்பவனைக் கொன்றுவிடக் கூடாதே என்று எழுப்பியது. சுவரைத் தடவினால் விரலில் மரரேகை தட்டுப்படுகிறது. கான்கிரீட் வார்க்க அடித்த பலகையின் ரேகை. பலகை எப்போதோ மக்கிப் போயிருக்கும். அதன் கணு மட்டும் சுவரில் அப்படியே இருக்கிறது. கட்டியவர் எவர் பெயரும் இங்கே இல்லை.

1940 ஜூன், இரண்டாம் உலகப் போர். பிரான்சின் டன்கர்க் கடற்கரையிலிருந்து சுமார் 3,38,000 வீரர்கள் உயிரோடு மீண்டிருந்தார்கள்; பீரங்கிகளும் வண்டிகளும் அங்கேயே கிடந்தன. ஜெர்மானியர் எந்த நாளும் இங்கிலாந்தில் கரையேறலாம். உள்நாட்டுப் படைத் தளபதி அயர்ன்சைடு வகுத்த திட்டப்படி, டாங்கியை மறிக்கக்கூடிய ஆறு, கால்வாய் ஓரமெல்லாம் இத்தகைய காவலரண்கள் ஆயிரக்கணக்கில் முளைத்தன. ஜூலையிலேயே தளபதி மாறினார். புதிதாக வந்த ஆலன் புரூக், நின்ற இடத்தில் நிற்கும் அரணைவிட நகரும் படையையே நம்பினார். செப்டம்பரில் ஹிட்லர் படையெடுப்பை ஒத்திவைத்தார். கான்கிரீட் மட்டும் காத்துக்கொண்டே இருந்தது.

தெற்குத் துளையில் கண்ணை வைக்கிறேன். கால்வாய், அப்பால் புல்வெளி, நாலைந்து மாடுகள். வெளியே பரந்து கிடந்த நிலம் இங்கிருந்து ஒரு குறியாகச் சுருங்கிவிடுகிறது. இதற்குள் நிற்க வேண்டியவர்களில் உள்ளூர்த் தொண்டர் படையினரும் இருந்திருப்பார்கள். பகலில் வயலிலும் கடையிலும் உழைத்து, மாலையில் துப்பாக்கி ஏந்தியவர்கள். அந்நியன் வந்திருந்தால், தம் ஊர்ப் புல்வெளியையே அவர்கள் சுட்டிருக்க வேண்டும். அதை நினைக்கையில் நெஞ்சு கனக்கிறது.

மோட்டார் சத்தம். ஒடுங்கிய நீளப் படகு ஒன்று மெல்ல வருகிறது. சுக்கானைப் பிடித்த பெண்ணின் மறு கையில் தேநீர்க் கோப்பை. சில நொடிகள் அவள் துளை முழுவதையும் நிறைக்கிறாள். நான் மூச்சை அடக்கிக்கொள்கிறேன். அவள் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

படகு போய்விட்டது. அலை கரையில் வந்து தட்டுகிறது. மாடு ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்கிறது.