வேர் யூ வென்ட்?

அமெரிக்காவில் இருக்கும் பேத்தியிடம் அம்மா போனில், "வேர் யூ வென்ட்?"ன்னு கேட்டாங்க. அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. அதோட அம்மா இங்கிலீஷ் பேசுறதையே விட்டுட்டாங்க.

தப்பு அவங்க மேல இல்லைங்க. தமிழில் 'எங்கே போனே?' என்றாலே போதும். 'போனான்' கூட ஓர் 'ஆ' சேர்த்தா 'போனானா?'ன்னு கேள்வி ரெடி. ஆங்கிலத்தில் நடுவில் 'டிட்' வரணும். இறந்தகாலத்தை அது சுமந்துக்கும். 'வென்ட்' திரும்ப 'கோ' ஆயிடும்.

இதைச் சொல்லிக்கொடுத்து, பத்து நாள் சமையல்கட்டிலேயே பயிற்சி. நேத்து தைரியமா கேட்டாங்க: "வேர் டிட் யூ கோ?"

"பார்க்" என்ற பேத்தி, தயங்கித் தயங்கித் தமிழில் கேட்டாள்: "பாட்டி, நீ சாப்பிட்டியா?"

அந்த 'ஆ' சரியாத்தான் இருந்தது. அம்மாவுக்குத்தான் பதில் வரலை.