பத்து மில்லிமீட்டர்

செப்டம்பர் 1, திங்கள்

ஸ்கேன் முடிந்தது. பித்தப்பையில் கற்கள். ஒன்றல்ல, பல. பெரியது 14 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறது. சனிக்கிழமை கல்யாண விருந்து சாப்பிட்டு வந்த ராத்திரி, வலது விலாவுக்கு அடியில் பிடித்துத் தோள்பட்டைவரை ஏறிய வலியை வாயு என்றே நினைத்தேன். ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு, சுவரில் முதுகைச் சாய்த்து மூன்று மணிவரை உட்கார்ந்திருந்தேன். எங்கள் டாக்டர் ரிப்போர்ட்டை ஒரு தரம் பார்த்தார். “எடுத்துடறதுதான் நல்லது. லேப்ராஸ்கோப்புலயே முடிஞ்சிடும்” என்று சொல்லி, தஞ்சாவூரில் ஒரு சர்ஜனுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். 20ஆம் தேதி, சனிக்கிழமை.

மனசுக்குள்ளேயே வைத்திருந்தால் ராத்திரியில் பெரிசாகிவிடுகிறது. அதற்குத்தான் இந்த நோட்டு.

செப்டம்பர் 2, செவ்வாய்

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

ஆசிரியர் அறையில் விஷயம் பரவிவிட்டது. வாழைத்தண்டுச் சாறு குடி, கரைந்துவிடும் என்று நாலு பேர் சொல்லிவிட்டார்கள். அது சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லும் வைத்தியம். அந்தக் கல் சிறிசாக இருந்தால் சிறுநீரோடு இறங்கி வெளியே போகலாம். இது பெரும்பாலும் கொலஸ்ட்ரால் உறைந்து உண்டாகும் கல். கல்லீரலுக்கு அடியில் ஒரு பைக்குள் கிடக்கிறது. நகர்ந்தால்தான் ஆபத்து. குழாயை அடைத்துக்கொண்டால் காமாலை வரும், கணையம் வீங்கும். இரண்டையும் ‘கல்’ என்றே சொல்வதால் வருகிற குழப்பம். பொறுமையாகத்தான் சொல்ல ஆரம்பித்தேன், நடுவில் குரல் உயர்ந்துவிட்டது. தமிழம்மா டிபன் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போனார். நாளைக்கு ஆசிரியர் தினம். காலையிலேயே அவரைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும்.

22 வருஷமாக, பித்தநீர் கொழுப்பைப் பால்மமாக்கும் என்று கரும்பலகையில் எழுதி வருகிறேன். அதைச் சுரப்பது கல்லீரல். பித்தப்பை அதை வாங்கிக் கெட்டியாக்கி வைத்திருக்கும் இடம், அவ்வளவுதான். பையை எடுத்துவிட்டாலும் பித்தநீர் நேராகக் குடலுக்கு இறங்கிக்கொண்டிருக்கும். எல்லாம் தெரியும். தெரிந்தும் கை நடுங்குகிறது.

செப்டம்பர் 7, ஞாயிறு

சந்திர கிரகணம். பதினொன்றரைக்கு மொட்டைமாடியில் நின்று செம்பு நிற நிலாவைப் பார்த்தேன். வலி இல்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, பள்ளிக்கூட ஸ்கேலை வயிற்றில் வைத்துப் பேனாவால் கோடு போட்டேன். தொப்புள் ஓரமாக 10 மில்லிமீட்டர். நெஞ்செலும்புக்குக் கீழே இன்னொரு 10. வலப்பக்கம் ஐந்து ஐந்தாக இரண்டு. வழக்கமாக இந்த நான்கு துளைகள்தான் என்று படித்தேன். பத்து மில்லிமீட்டர் என் சுண்டுவிரல் நகத்தின் அகலம். ஈரத் தோலில் பேனா வழுக்கி, கோடு பாதியில் அறுந்தது. அப்போதுதான் உறைத்தது: 14 மில்லிமீட்டர் கல் இந்தத் துளை வழியாக எப்படி வெளியே வரும்? சர்ஜனிடம் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும்.

கேமராவுக்கும் கருவிகளுக்கும் இடம் வேண்டும் என்பதால் வயிற்றைக் கரியமில வாயுவால் ஊதி எழுப்புகிறார்கள். சாதாரணக் காற்று ஏன் கூடாது என்பதற்கு என் வகுப்புச் சோதனையிலேயே பதில் இருக்கிறது. எரியும் குச்சியை அந்த வாயுவில் நுழைத்தால் அணைந்துவிடும். உள்ளே மின்சாரத்தால் சுட்டு ரத்தத்தை நிறுத்தும்போது, எரிவதற்குத் துணைபோகாத வாயுதான் வேண்டும். ரத்தத்தில் சுலபமாகக் கரைந்து, மூச்சோடு வெளியேறியும்விடும். மிச்சம் இருப்பது உதரவிதானத்தை உறுத்தினால் ஓரிரு நாள் தோள்பட்டை வலிக்குமாம். இது முன்னாலேயே தெரிந்தது நல்லதாயிற்று. தெரியாமல் இருந்திருந்தால் நெஞ்சுவலி என்று பயந்து செத்திருப்பேன்.

என் வீட்டுக்காரர் கதவைத் தட்டி, “என்ன பண்றே இவ்வளவு நேரம்?” என்றார். சோப்புப் போட்டுத் தேய்த்தேன். கோடு முழுசாகப் போகவில்லை.

செப்டம்பர் 13, சனி

திருவாரூர் போய், தம்பி வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கும் இதே ஆபரேஷன்தான். 1985, தீபாவளி கழிந்த வாரம். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள்.

அம்மா ஒன்றும் பேசாமல் புடவையை விலக்கிக் காட்டினாள். வலது விலாவுக்குக் கீழே சரிவாக, என் உள்ளங்கையைவிட நீளம். தையல் விழுந்த இடமெல்லாம் இருபுறமும் பூரான் கால் மாதிரி. சுற்றிலும் வயிறு தளர்ந்து சுருங்கிப்போயிருக்க, தழும்பு மட்டும் பளபளவென்று இறுகியிருந்தது. தொட்டுப் பார்த்தேன்.

“வலிக்குமா?”

“மழைக்காலத்துல இழுக்கும்.”

“அப்போ ரொம்ப பயந்தியாம்மா?”

“பயப்படணும்னா என்ன செய்யப்போறாங்கன்னு தெரியணுமே. உங்கப்பா கையெழுத்துப் போட்டாரு. கண்ணு முழிச்சேன், கட்டுப் போட்டிருந்துது. உள்ள பைன்னு ஒண்ணு இருந்துது, அதை எடுத்துட்டாங்கன்னு ஒரு மாசம் கழிச்சு உங்க பெரியம்மா சொல்லித்தான் தெரியும்.”

சொல்லிவிட்டு முறத்தை இழுத்துப் போட்டு வாழைப்பூ ஆய ஆரம்பித்தாள். நானும் உட்கார்ந்து ஒவ்வொரு பூவிலும் கள்ளனை உருவிப் போட்டேன்.

பஸ்ஸில் திரும்பும்போது அப்பாமேல் கோபம் வந்தது. அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

நோட்டின் கடைசிப் பக்கத்தில் கேள்விகளை எழுத உட்கார்ந்தேன். சர்க்கரை மாத்திரையை எந்த வேளையோடு நிறுத்த வேண்டும். மூன்று மாதச் சராசரி 7.8 இருக்கிறதே, அது இறங்கும்வரை காத்திருக்க வேண்டுமா. பித்தக்குழாய்க்குள் கல் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க எம்ஆர்சிபி ஸ்கேன் வேண்டுமா. கிளிப் போட்டுவிட்டுத்தான் வெட்டுவார்களாம், அந்தக் கிளிப் உள்ளேயே தங்கிவிடுமாம். பின்னால் எம்ஆர்ஐ எடுப்பதற்கு அது தடையா. இவையெல்லாம் மளமளவென்று வந்தன. எட்டாவதில் பேனா நின்றது.

துளை வழியாக முடியாமல் போனால்?

பை பக்கத்து உறுப்புகளோடு ஒட்டிக்கொண்டிருந்தால், வீக்கத்தில் எந்தக் குழாய் எது என்று புரியாவிட்டால், ரத்தம் நிற்காவிட்டால், வயிற்றைத் திறந்துதான் முடிக்க வேண்டியிருக்கும். அதைத் தோல்வி என்று சொல்லக் கூடாது. குடலுக்குப் போகும் பெரிய பித்தக்குழாயைத் தவறுதலாக வெட்டிவிடுவதுதான் இந்த ஆபரேஷனில் எல்லோரும் அஞ்சும் விபத்து. ஆயிரத்தில் மூன்று நான்கு பேருக்கு நேரலாம் என்கிறார்கள். சந்தேகம் வந்தால் திறக்கத் தயங்காத சர்ஜன்தான் எனக்கு வேண்டும். ஆனால் நான் மயக்கத்தில் கிடக்கும்போது யாரோ வெளியே வந்து வீட்டுக்காரரிடம் ஒரு தாளை நீட்டுவது மட்டும் வேண்டாம். எப்போது திறப்பார்கள், எவ்வளவு நீளத்துக்கு, எத்தனை நாள் படுக்கை என்பதை முன்னாலேயே என்னிடம் சொல்ல வேண்டும். நானே கையெழுத்துப் போடுகிறேன்.

அந்தக் கேள்விக்கு அடியில் இரண்டு கோடு போட்டேன்.

செப்டம்பர் 17, புதன்

புரட்டாசி பிறந்தது. சாயங்காலம் வலி திரும்ப வந்து ஒரு மணி நேரம் போட்டுப் பார்த்தது. காலாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் அப்படியே கிடக்கின்றன. தஞ்சாவூர் போக வேண்டாம் என்று தோன்றுகிறது. எனக்கு எந்த ஆபரேஷனும் வேண்டாம்.

செப்டம்பர் 18, வியாழன்

போகிறேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

மகள் பெங்களூரிலிருந்து பேசினாள். லேப்ராஸ்கோப் வழியாகப் பித்தப்பையை உலகில் முதலில் எடுத்தவர் ஜெர்மனியின் எரிச் மூஹே, 1985 செப்டம்பர் 12 என்று படித்துச் சொன்னாள். மறு வருஷம் அங்கே சர்ஜன்கள் மாநாட்டில் அவர் அதை எடுத்துச் சொன்னபோது மதிப்பார் இல்லையாம். இந்தியாவுக்கு அது 1990இல்தான் வந்தது. மும்பையில் டாக்டர் தெஹெம்டன் உட்வாடியா செய்தார். செப்டம்பர் 12 என்றதும் விரல் விட்டு எண்ணினேன். அம்மாவைப் படுக்கவைத்ததற்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முன்னால்.

ராத்திரி அம்மாவே கூப்பிட்டாள்.

“உள்ள இருக்கிறதெல்லாம் டிவியில தெரியுமாமே? தம்பி பொண்டாட்டி சொன்னா.”

“ஆமாம்மா, கேமரா வச்சுத்தானே பண்றாங்க.”

“அந்தப் பை எப்படி இருக்கும்?”

“சின்னப் பேரிக்காய் மாதிரி. பச்சையா.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “உன்னோடதை எனக்குக் காட்டுவாங்களா?” என்றாள். கேட்கிறேன் என்றேன். நாளைக்கு அவளும் வருகிறாளாம்.

செப்டம்பர் 20, சனி

ஆஸ்பத்திரிக் கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். டோக்கன் 23. அவசரக் கேஸ் வந்ததால் சர்ஜன் தியேட்டருக்குள் போய்விட்டார். இப்போதுதான் வந்து பார்க்க ஆரம்பித்திருக்கிறார். முதல் புரட்டாசிச் சனி என்று அம்மா நெற்றியில் நாமம் இட்டு, விரதத்தோடு வந்திருக்கிறாள். வீட்டுக்காரர் காபி வாங்கப் போயிருக்கிறார். அம்மா நோட்டை என்னிடமிருந்து வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தன் கேள்வி எங்கே என்று தேடினாள். பதினொன்றாவது. “அதுக்குள்ள டாக்டர் எழுந்து போயிடுவாரு. மேல ஏத்தி எழுது” என்றாள்.

நாலைக் கூப்பிடுகிறார்கள்.