கோழி, கங்காரு, ஒன்றரைக் கிலோ குழந்தை

காரைக்காலில் நான் படித்த காலத்தில் எங்களுக்குப் பாடமெல்லாம் பிரெஞ்சில்தான். சர்க்கார் உத்தியோகம், ஓய்வு, பிறகு மனைவியின் ஊரான ராஜபாளையத்தில் குடியேற்றம் என்று எல்லாம் ஆனபிறகும் சில சொற்கள் மட்டும் போகவில்லை. 'கூவேஸ்' அதில் ஒன்று. அடைகாக்கும் கோழி என்று பொருள். குறைமாதக் குழந்தையை வைக்கும் இன்குபேட்டர் பெட்டிக்கும் அங்கே அதே பெயர்தான்.

காரணம் இருக்கிறது. பாரிஸில் தார்னியே என்ற பிரசவ மருத்துவர் கோழிமுட்டை பொரிக்கும் பெட்டியைப் பார்த்துவிட்டு, குழந்தைகளுக்கும் அப்படி ஒன்று செய்தால் என்ன என்று கேட்டார். 1880-ஐ ஒட்டி அது நடைமுறைக்கு வந்தது. எடை குறைந்த குழந்தையின் உடம்பில் கொழுப்பு இருக்காது. சூடு நிற்காமல் போய்விடும். பெட்டி அந்தச் சூட்டைக் கொடுத்தது. நல்ல காரியம்தான். ஆனால் பெட்டி வாங்கப் பணம் வேண்டும், மின்சாரம் வேண்டும், பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும்.

இதெல்லாம் இல்லாத ஊரில் என்ன செய்வது? தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரத்து மருத்துவமனையில் ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளைப் படுக்க வைத்திருந்தார்கள். ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்று பரவியது. 1978-இல் எட்கார் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் குழந்தையை எடுத்துத் தாயின் வெறும் மார்பில் நிமிர்த்தி வைத்துத் துணியால் கட்டச் சொன்னார். அவருக்குப் பின் எக்தோர் மார்த்தினெஸ் அதைத் தொடர்ந்தார். கங்காருக் குட்டி அவரைவிதை அளவில் பிறந்து தாயின் பையில் வளர்வதால் 'கங்காரு தாய் பராமரிப்பு' என்று பெயர் வந்தது.

அந்த 1978 எங்கள் வீட்டில் மறக்க முடியாத ஆண்டு. எங்கள் முதல் குழந்தை எட்டாம் மாதத்திலேயே பிறந்தது. பெண். பஞ்சில் சுற்றி, பக்கத்தில் வெந்நீர் பாட்டில் வைத்து, மேலே பல்பு எரியவிட்டார்கள். "எங்கிட்ட குடுங்க, நெஞ்சுல வச்சுக்கிறேன்" என்று என் மனைவி கேட்டாள். தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அன்றைய வழக்கம் அது. மூன்றாம் நாள் குழந்தை இல்லை. அதற்குப் பிறகு நாங்கள் அதைப்பற்றி அதிகம் பேசிக்கொண்டதில்லை.

2023-இல் என் மைத்துனரின் பேத்திக்கு ரத்தக்கொதிப்பு ஏறி, அவசரமாக அறுவைசிகிச்சை செய்து ஆண் குழந்தையை எடுத்தார்கள். ஒரு கிலோ ஐந்நூறு கிராம். பெற்றவள் தீவிர சிகிச்சையில். அவளுடைய அம்மாவுக்கோ இருமல், உள்ளே விடவில்லை. "வேற யார் இருக்கீங்க?" என்றார் நர்ஸ். மில்லில் வேலை பார்க்கும் தகப்பன் முன்னே வந்தான். "சட்டையைக் கழத்துங்க தம்பி" என்றதும் பெண்கள் நிறைந்த வார்டில் கூனிக்குறுகிப் போனான். ஆனாலும் உட்கார்ந்தான். அடுத்த முறைக்கு என் மனைவி. எழுபது வயதில் அத்தைப்பாட்டி கங்காரு ஆனாள்.

குழந்தைக்குத் தொப்பி, காலுறை, அரைத்துணி மட்டும். தலையை ஒரு பக்கம் திருப்பி, மூச்சு முட்டாதபடி முகத்தை லேசாக நிமிர்த்தி, கால்களைத் தவளைபோல் மடக்கி வைத்தார்கள். சாய்ந்து உட்காரச் சொன்னார்கள். ஒரு தடவை வைத்தால் ஒரு மணி நேரமாவது எடுக்கக்கூடாது. தாய்ப்பாலைப் பீய்ச்சி, நம் வீட்டுச் சங்கு மாதிரியான பாலாடையில் புகட்டினார்கள். வைணவத்தில் குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்ளும் நியாயம், பூனை தன் குட்டியைத் தானே கவ்விப்போகும் நியாயம் என்று இரண்டு சொல்வார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்றரைக் கிலோவுக்குப் பற்றிக்கொள்ளத் தெம்பு ஏது? கங்காருவை விட்டுப் பூனையின் பெயரையே வைத்திருக்கலாம்.

இது ஏழைகளுக்கான மாற்று ஏற்பாடு என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனை உட்பட இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2021-இல் வெளியானது. 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகள். நிலைமை சீரானபின் தொடங்கும் பழைய முறையில் 28 நாளுக்குள் இறந்தவை நூற்றுக்கு 15.7. பிறந்த உடனே தொடங்கியதில் 12. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்னதாகவே நிறுத்திவிட்டார்கள். இப்போதைய பரிந்துரை, நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம். தீட்டு என்று தாயைத் தள்ளி வைப்பதும், பிறந்த அன்றே குளிப்பாட்டுவதும் இந்தக் குழந்தைகளுக்கு ஆகவே ஆகாது. என் வயதுக்காரர்கள் வீட்டில் சொல்ல வேண்டிய விஷயம் இது.

பொகோட்டா கதையை ஒரு ராத்திரி மனைவியிடம் சொன்னேன். "எந்த வருஷம்?" என்றாள். சொன்னேன். வெகுநேரம் கழித்து, "நான் கேட்டேன்ல" என்றாள். அவ்வளவுதான்.

1 கிலோ 850 ஆனதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். பெற்றவளும் தேறிவிட்டாள். பழைய எட்டுமுழ வேட்டியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு மூன்று பேரும் முறைபோட்டு வைத்துக்கொண்டார்கள். இரண்டரைக் கிலோ தாண்டிய பிறகு ஒரு மத்தியானம், என் மனைவியின் நெஞ்சில் இருந்தவன் காலை உதைத்து, நெளிந்து, கட்டைவிட்டு வெளியே வரப் பார்த்தான். "இவனுக்குப் புழுங்குது போல" என்று சிரித்துக்கொண்டே அவிழ்த்து, தொட்டிலில் போட்டாள்.