வத்தல்மலைக்கு ஒரு பெல்ட் கார்

வத்தல்மலை என்றதும் மிளகாய் வற்றலும் சுண்டைக்காய் வற்றலும் நினைவுக்கு வருகின்றனவா? அங்கே பாயில் உலர்த்திய வற்றலைத் தேடிப் போகாதீர்கள். காப்பிச் செடிகளும், சில்வர் ஓக் மரங்களைத் தழுவி ஏறும் மிளகுக் கொடிகளும், கேழ்வரகும் சாமையும் விளையும் காடுகளுந்தாம் கண்ணில் படும். தர்மபுரி நகரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேலே. கீழே வெயில் மண்டையைப் பிளக்கும் நாளிலும் மேலே விடியற்காலையில் சால்வையைத் தேடுவீர்கள்.

பெரியூர், பால்சிலம்பு, சின்னாங்காடு என்று சின்னஞ்சிறு ஊர்கள். அங்கே வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்காரர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். வீட்டில் பேசுவது தமிழ்தான். நெடுங்காலம் அவர்களுக்கு ஒற்றையடிப் பாதைதான் ராஜபாட்டை. நோயாளியைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கிய நாட்களைப் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. இன்று தார்ச் சாலை இருக்கிறது; சில ஆண்டுகளுக்கு முன் அரசு பஸ்ஸும் ஏறத் தொடங்கியது. இருபதுக்கு மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள்! கார் நல்ல காரா, நொண்டிக் காராஎன்பதை அந்த வளைவுகள் ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிடும்.

அப்பேர்ப்பட்ட சாலையில் தம்முடைய பதினெட்டு வயதுக் காரை ஓட்டிச் செல்வது என்று சேலத்திலுள்ள என் அத்தை தீர்மானித்தார். அத்தை ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. இடது முழங்கால் மக்கர் செய்வதால் கிளச் மிதிக்க முடியாது. கிளச் மிதி இல்லாத இந்த ஆட்டோமாட்டிக் கார் இருப்பதால்தான் அவர் யார் தயவும் இன்றிக் கடைக்கும் கோயிலுக்கும் போய் வருகிறார். அந்தக் கார், சிக்னலில் நின்று புறப்படும்போதெல்லாம் குளிர் ஜுரம் கண்டவன்போல் நடுங்க ஆரம்பித்தது. ஓர் ஒர்க்ஷாப்பில் காட்டினார். "கியர் பாக்ஸ் போச்சு, முழுசா மாத்தணும்" என்றார்கள். அவர்கள் சொன்ன தொகையோ, காரை விற்றால் கிடைப்பதைவிட அதிகம்!

மாற்றுவதா, விற்பதா? அத்தையைப் பொறுத்தவரை இது காரைப் பற்றிய கேள்வி மட்டும் அல்ல. இனி வாசலைத் தாண்டுவதற்கு யாரைக் கேட்க வேண்டும் என்ற கேள்வி.

இரண்டு புனல்களும் ஒரு பெல்ட்டும்

விடையைச் சொல்வதற்கு முன் அந்த காரின் வயிற்றுக்குள் எட்டிப் பார்ப்போம். சமையல் அறையிலிருந்து இரண்டு புனல்களை எடுத்து, மூக்கோடு மூக்கு வைத்துப் பிடியுங்கள். நடுவே ஒரு பள்ளம் தெரிகிறதல்லவா? அந்தப் பள்ளத்தில் பெல்ட் ஓடுகிறது. புனல்கள் நெருங்கினால் பெல்ட் விளிம்புக்கு ஏறும். பெரிய சக்கரமாகிவிட்டது என்று பொருள். விலகினால் பெல்ட் உள்ளே இறங்கும், சிறிய சக்கரம். எஞ்சின் பக்கம் இப்படி ஒரு ஜோடி, சக்கரத்தின் பக்கம் இன்னொரு ஜோடி. ஒன்று பெரிதாகும்போது மற்றது சிறிதாகும். பல் சக்கரம் மாற்றாமலே கியர் மாறிக்கொண்டே போகும்.

புதுமையான விஷயம் என்று நினைக்கிறீர்களா? 1958-இல் ஹாலந்து தேசத்து டாஃப் கம்பெனி இப்படி ஒரு சிறு காரை வெளியிட்டது. அதில் இருந்தவை ரப்பர் பெல்ட்டுகள். நம் நாட்டில் 1984-இல் வந்த கைனெடிக் ஹோண்டா ஸ்கூட்டரிலும் ரப்பர் பெல்ட்தான். இன்று உங்கள் மகள் கல்லூரிக்கு எடுத்துப் போகும் கியர் இல்லாத ஸ்கூட்டரிலும் அதே தத்துவந்தான் வேலை செய்கிறது. கார்களுக்கு எஃகு பெல்ட் 1987-இல் ஜப்பானின் சுபாரு ஜஸ்டி மூலம் வந்தது. சுமார் நானூறு மெல்லிய எஃகுத் துண்டுகளை, பூச்சரம்போல், எஃகு வளையங்களில் கோத்த பெல்ட் அது. மற்ற பெல்ட்டுகள் இழுக்கும், இது தள்ளும்! ஹோண்டா சிட்டி, மாருதி பலேனோ, நிஸான் மைக்ரா என்று இங்கும் பல கார்களில் இந்த ஏற்பாடு வந்திருக்கிறது.

எஃகின்மேல் எஃகு வழுக்காமல் பிடிக்க வேண்டும், தேயவும் கூடாது. இரண்டையும் காப்பது ஆயில். இதற்கென்றே தயாரித்த ஆயில் வேண்டும். சாதாரண ஆட்டோமாட்டிக் ஆயிலை ஊற்றுவது, இட்லி மாவுக்குப் பதில் கோந்தை ஊற்றி வைப்பது போலத்தான்.

காந்தம் சொன்ன சாட்சி

அத்தை இன்னொரு மெக்கானிக்கிடம் போனார். அவர் விலை பேசவில்லை; முதலில் கியர் பாக்ஸின் அடியிலுள்ள போல்ட்டைக் கழற்றினார். அதன் முனையில் ஒரு காந்தம்.

"பாருங்கம்மா, பெல்ட்டோ புல்லியோ சீவியிருந்தா இதுல இரும்புச் சீவல் ஒட்டியிருக்குமுங்க. இது மை மாதிரி மாவுதான். இது தேயுறது இயல்பு. வண்டி கிளம்புறப்போ பிடிக்கிற கிளச்சு உள்ளே இருக்குதுங்க, அதுதான் நடுங்குது. ஆயில் எப்பம்மா மாத்தினீங்க?"

"ஆட்டோமாட்டிக்குக்கு ஒன்றுமே செய்ய வேண்டாம் என்று சொன்னார்களே, தம்பி!" என்றார் அத்தை.

வடிந்த ஆயில் கறுத்துக் கிடந்தது. கையேட்டில் குறிப்பிட்ட ஆயிலை அளவாக ஊற்றி, கிளச்சின் பிடிமானத்தைக் காரின் கம்ப்யூட்டருக்கு மறுபடி கற்றுக் கொடுத்தார். ஒரு வாரத்தில் நடுக்கம் போன இடம் தெரியவில்லை.

எல்லாக் கார்களுக்கும் இவ்வளவு சுலபமாக விடிந்துவிடாது. எஞ்சின் மட்டும் அலறி வண்டி நகராமல் நின்றாலோ, ஊளையிடும் சத்தம் வேகத்தோடு ஏறினாலோ, காந்தத்தில் சீவல் மின்னினாலோ, பெட்டியைத் திறந்துதான் ஆக வேண்டும். அப்போது இவற்றைக் கேட்டு வாங்குங்கள். பெல்ட் மாற்றினால், கீறல் விழுந்த புல்லிகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் புது பெல்ட்டையும் அவை தின்றுவிடும். பழைய கியர் பாக்ஸ் வாங்கினால் உங்கள் காரின் மாதிரிக் குறியீடும் அதன் குறியீடும் ஒத்திருக்க வேண்டும். ஆயிலைக் குளிர வைக்கும் குழாய்களைச் சுத்தம் செய்யாமல் மாட்ட விடாதீர்கள். பழைய இரும்புத் தூள் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஆக்ஸில் சீல்களைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். வழியில் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்கச் சம்மதிக்காதீர்கள். எஞ்சின் சுழலும் சக்கரங்கள் தரையில் உருளாதபடி லாரியில் ஏற்றுங்கள்.

ஏற்றமும் இறக்கமும்

ஒரு சனிக்கிழமை விடியலில் புறப்பட்டோம். அடிவாரம் தாண்டியதும் எஞ்சின் தம்புராவைப் போல் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டது. கியர் மாறும் உலுக்கல் கிடையாது. புல்லிகள் மட்டும் உள்ளே நெருங்கி விலகிக்கொண்டிருந்தன. ஒரு வளைவில் மேலிருந்து பஸ் வந்தது. ஏறும் வண்டிக்குத்தான் முதலிடம் என்றாலும், அத்தை ஒதுங்கி நின்று வழி விட்டார். பிறகு ஏற்றத்திலேயே புறப்பட வேண்டும். இதுதானே பரீட்சை! கார் நடுங்கவில்லை. அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். வாயால் ஒன்றும் சொல்லவில்லை.

மேலே பனி விலக, மிளகுக் கொடியடியில் பெண்கள் கூடையோடு நின்றிருந்தார்கள். அத்தையைக் கண்டதும் ஒரு பாட்டி, "நீயேவா ஓட்டியாந்த?" என்று கேட்டு, சிரித்துக் கொண்டே காரைச் சுற்றி ஒரு முறை பார்த்தார்.

இறக்கத்தில்தான் ஆட்டோமாட்டிக் கார்க்காரர்கள் ஏமாறுவார்கள். டி-யில் விட்டுவிட்டு பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் பிரேக் சூடேறி, பிடியை இழக்கும். முதல் வளைவுக்கு முன்பே அத்தை லீவரை எல்-லில் போட்டார். பெல்ட் எஞ்சினைப் பிடித்துக்கொள்ள, எஞ்சின் காரைப் பிடித்துக்கொண்டது. முன்னே போன ஒரு வேனிலிருந்து பிரேக் கருகும் வாடை வந்தது. எங்கள் காரிலோ காப்பித் தோட்டத்து மண் வாசனைதான்.

நீங்களும் போய் வாருங்கள். கோடை மழைக்குப் பின் காப்பிப் பூக்கும் நாட்களாக இருந்தால் இன்னும் நல்லது. செடிக்குச் செடி மல்லிகை வைத்தாற்போல் இருக்கும். ஆனால் சால்வையைத் தேடுவதற்கு முன், காரின் ஆயில் மாற்றிய தேதியைத் தேடிப் பாருங்கள்.