கொழும்புத்துறை வீடுகளில் நத்தார்

யாழ்ப்பாண நகரிலிருந்து கடற்கரை வீதியால் கிழக்குப் பக்கமாகச் சைக்கிளில் வந்தால் முதலில் குருநகர் வரும். அடுத்தது பாசையூர். அதையும் தாண்டினால் கொழும்புத்துறை. வழியெல்லாம் வலப்பக்கத்தில் கடல்நீரேரி. கடல் என்று நாங்கள் சொன்னாலும் அது இரைந்து அலையடிக்கிற கடல் அல்ல. களங்கண்டித் தடிகள் வரிசையாக நிற்கும், கொக்குகள் காலூன்றி நிற்கும் ஆழம் குறைந்த நீர். அக்கரையில் பூநகரி. முன்னைய காலத்தில் இந்தத் துறையிலிருந்து அங்கே வள்ளம் போய்வந்ததாக எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். 2011ஆம் ஆண்டு சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபின் பூநகரி போகிறவர்கள் பஸ்ஸில் போகிறார்கள்.

சின்ன ஊர்தான். ஆனால் 1964இல் சமாதியடைந்த யோகர் சுவாமிகள் கொட்டில் அமைத்து வாழ்ந்ததும் இங்கேதான், புனித பிரான்சிஸ் சவேரியார் குருமடம் இருப்பதும் இங்கேதான். ஆகவே மார்கழி மாதம் எங்கள் ஊரில் இரட்டிப்பாக வரும். விடியற்காலையில் திருவெம்பாவைக்குச் சங்கும் சேமக்கலமும் ஒழுங்கையால் போகும். இரவில் நத்தார் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு கரோல் பிள்ளைகள் அதே ஒழுங்கையால் வருவார்கள். சில ஆண்டுகளில் இரண்டும் ஒரே கிழமையில் விழுந்துவிடும். 2023இல் அப்படித்தான் நடந்தது. நாய்களுக்குத்தான் அந்தக் கிழமை நித்திரையே இல்லை.

நான் பிறந்து வளர்ந்த இடம் இது. இப்போது இங்கும் அயல் கிராமங்களிலும் பெண் தலைமைத்துவக் குடும்பங்களைச் சந்திப்பது என் வேலை. வருடம் முழுவதும் இந்த வீடுகளுக்குப் போய்வந்தாலும், மார்கழியில் போகும்போது ஒரு விடயம் கண்ணில் படுகிறது. பெருநாளுக்காக எல்லாரும் ஓடுகிறார்கள். அந்த ஓட்டத்தில் வீட்டுக்காரி மட்டும் வீட்டில் இல்லை.

அவளுடைய மார்கழி எப்படிப் போகிறது என்று பாருங்கள். பாலர் பாடசாலையில் ஒளிவிழா. பெரிய பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் இன்னோர் ஒளிவிழா. மறைக்கல்வி வகுப்பில் ஒன்று, சங்கத்தில் ஒன்று. ஒரு பிள்ளைக்குச் சம்மனசு உடுப்பு வேண்டும், மற்றதுக்கு இடையன் உடுப்பு. சம்மனசுக்குச் செட்டை கட்ட வேண்டும். ஒவ்வொரு விழாவுக்கும் ஒரு பரிசுப் பொதி கொண்டுபோக வேண்டும். இதற்கிடையில் வெளிநாட்டிலிருந்து உறவுக்காரர் வந்திறங்குவார்கள். நண்டு தெரிக்கவோ தையலுக்கோ போகிறவளுக்கு இந்த மாதத்தில்தான் கூடுதல் நேர வேலையும் கிடைக்கும். அதை விடவும் முடியாது. இரவு வந்து பாத்திரம் கழுவி, உடுப்புத் தோய்த்து, பிறகு செட்டைக்கு மினுங்கல் தாள் ஒட்டுவாள்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில், அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹொக்சைல்ட் 1989இல் வெளியிட்ட ஒரு நூலைப் பற்றிப் படித்தோம். சம்பள வேலை முடிந்து வீடு திரும்பும் பெண்ணுக்கு அங்கே இரண்டாவது முறை வேலை காத்திருக்கிறது என்பது அதன் சாரம். அவர் எழுதியது கணவனும் மனைவியும் உள்ள குடும்பங்களைப் பற்றி. எங்கள் பெண்களில் பலருக்கு அந்தப் பாதிப் பங்கைக் கேட்பதற்கும் வீட்டில் ஆளில்லை. பெருநாள் வந்தால் மூன்றாவது முறை வேலையும் சேர்ந்துவிடுகிறது.

கடனைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். வடக்கில் கிழமைக் கட்டுக்காசு எத்தனை குடும்பங்களை அலைக்கழித்தது என்பது உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நிலைமை முற்றியதால் 2018இல் அரசாங்கமே, வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்கள் பெற்ற 1 இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவிக்க வேண்டி வந்தது. அப்படியிருந்தும் இன்னும் பெருநாளுக்கென்று கடன் வாங்குகிறோம். ஒழுங்கையின் முனைவீட்டில் வெளிநாட்டுக் காசில் ஆள் உயரத்துக்கு நட்சத்திரம் தொங்குகிறது. நம் வீட்டு முற்றம் இருட்டாகக் கிடந்தால் பிள்ளை முகம் வாடும் என்று பயம். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் மின்குமிழ் மாலைக்குத் தவணை கட்டி முடிய சித்திரை வந்துவிடும் என்பதையும் சொல்லாமல் விடமுடியாது.

எங்கள் வீட்டு நத்தார்கள் வேறு மாதிரி இருந்தன. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது எனக்கு ஏழு வயது. அந்த ஆண்டு நத்தார் எங்களுக்கு ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் வந்தது. வாங்கில்களை அடுக்கி மறைப்புக் கட்டியிருந்த மூலையில், அம்மா ஒரு பிஸ்கற் ரின்னைச் சரித்து வைத்து அதற்குள் வைக்கோல் பரப்பினார். பாலன் சுரூபம் வீட்டில் விடுபட்டுப் போயிற்று. அப்பாவின் வெள்ளை லேஞ்சியைச் சுருட்டி, நூலால் கட்டி, அதையே பாலனாகக் கிடத்தினார். பக்கத்து மறைப்பில் இருந்த சைவக் குடும்பத்துப் பாட்டி அதைப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்குக் குளிருமெல்லோ" என்று ஒரு துண்டுச் சீலை கிழித்துத் தந்தார். அடுத்த ஆண்டு ஊர் திரும்பினோம். 2000ஆம் ஆண்டு மே மாதம் சண்டை அரியாலை, கொழும்புத்துறைப் பக்கம் வந்தபோது மறுபடியும் ஓடினோம். 2006 ஆகஸ்ட் 11இல் ஏ9 பாதை பூட்டியபின் வந்த நத்தாரில் சீனியும் மாவும் கப்பல் வந்தால்தான். இரவில் ஊரடங்கு. வெளியே போக வழியில்லாமல் வீட்டுக்குள் அடைந்திருந்தோம்.

இவற்றை நினைத்துப் பார்க்கும்போதுதான் எனக்கு ஒன்று உறைக்கிறது. அன்று வீடே இருக்கவில்லை, அல்லது வீடு ஒரு அடைப்பாக இருந்தது. இன்று நம்மில் பலருக்குச் சிறிதோ பெரிதோ கூரையுள்ள வீடு இருக்கிறது. கதவை நாமே திறந்து நாமே பூட்டலாம். இரவு யாரும் தட்டிச் சோதனை போடுவதில்லை. அப்படிப்பட்ட வீட்டில், வருடத்தின் நல்ல நாட்களில், அரை மணித்தியாலம் சும்மா குந்தியிருக்க நமக்கு நேரமில்லை என்கிறோம்.

நேரம் மட்டும் காரணமில்லை. போன மார்கழியில் ஓர் அக்காவின் வீட்டுக்குப் போயிருந்தேன். போர்க்காலத்தில் வெளியே போன கணவர் திரும்பி வரவில்லை. பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டார். "பலகாரம் சுட்டாச்சோ அக்கா?" என்றேன். "சுடுறன் பிள்ளை, சின்னதுகளுக்காக. எனக்கென்ன பெருநாள்? நான் சிரிச்சுக்கொண்டு திண்ணையில இருந்தால் சனம் என்ன சொல்லும்? அந்த மனிசன் எங்கை கிடக்குதோ." இதை வேறு வேறு சொற்களில் எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன். இறந்தவருக்காவது ஆண்டுத் திவசம் உண்டு, கல்லறை உண்டு. காணாமற்போனவரின் மனைவிக்கு அழுவதற்கும் திகதி இல்லை, அழுது முடிப்பதற்கும் திகதி இல்லை. அதனால் அவள் மகிழ்ச்சியை ஒத்தி வைத்துக்கொண்டே போகிறாள். சனம் சொல்லும் என்பது பொய்யுமல்ல, சொல்லத்தான் செய்கிறார்கள். ஆனால் வெளியே கூடிக் கொண்டாடுவது வேறு, தன் குசினிக்குள் தன் மனதுக்குப் பிடித்த ஒன்றைச் செய்து ருசிப்பது வேறு. இரண்டாவதைத் தடுக்க ஊருக்கு எந்த உரிமையும் இல்லை என்பது என் முடிவான எண்ணம்.

அந்த அக்காவிடம் நான் ஒன்றும் போதிக்கவில்லை. பயறு வறுக்க உதவி செய்கிறேன் என்று குசினிக்குள் போனேன், அவ்வளவுதான்.

பயற்றம் பணியாரம் தனியாகச் செய்யும் பலகாரம் அல்ல. ஒருவர் வறுக்க, ஒருவர் அரிக்க, ஒருவர் உருட்ட வேண்டும். அவர் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். பயறு ஒரு கிலோவை மணம் வரும்வரை வறுத்துக் கோது நீக்கித் திரித்தால் மா. அதில் பாதியளவு வறுத்த அரிசிமா. ஒரு முழுத் தேங்காயின் பூவை ஈரம் போக இளஞ்சூட்டில் வறுக்க வேண்டும். மிளகு, சீரகம், ஏலக்காய் இடித்த தூள். சீனிப் பாகு காய்ச்சி ஊற்றிக் கை பொறுக்கும் சூட்டில் உருட்ட வேண்டும். ஆறினால் உதிரும். பிறகு தேங்காய்ப்பாலில் மஞ்சள் சேர்த்துக் கரைத்த மாவில் தோய்த்துத் தாச்சியில் பொரிப்பது. பாகு ஆறிவிடும் என்ற அவசரத்தில் அக்கா அயல் வீட்டுப் பெண்கள் இருவரைக் கூப்பிட்டார். ஒருத்தி கணவனை இழந்தவள், மற்றவள் சைவம். பிள்ளையார் கதைக்கு விரதம் இருந்ததால் ஒன்றையும் வாயில் வைக்காமல் உருட்டிக்கொண்டேயிருந்தாள். "எண்ணிப்போட்டுத்தான் போவன், விரதம் முடிய எனக்கு வரவேணும்" என்று அவள் சொன்னதற்கு அந்தக் குசினியில் எழுந்த சிரிப்பு ஒழுங்கைக்குக் கேட்டிருக்கும். அக்காவும் சிரித்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பாலன் குடிலுக்கும் காசு தேவையில்லை. கடைகளில் இப்போது பிளாஸ்ரிக் குடில் பெட்டியோடு விற்கிறார்கள். ஆனால் 1223ஆம் ஆண்டு இத்தாலியில் கிரெச்சியோ என்ற ஊரில் அசிசி நகர் பிரான்சிஸ் முதன்முதலில் குடில் அமைத்தபோது அங்கே இருந்தவை ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை மாத்திரமே. கொழும்புத்துறைப் பிள்ளைகளுக்கு அது தெரியாது, ஆனால் அதைத்தான் செய்கிறார்கள். பழைய கிடுகு, வைக்கோல், கடற்கரை மணல். பத்து நாளுக்கு முன்னரே சிரட்டைகளில் நெல்லும் பயறும் விதைத்து விடுவார்கள். பெருநாளுக்கு அவை பச்சைப் பசேலென்று வயலாகி நிற்கும். ஈர்க்கால் நட்சத்திரம் கட்டி எண்ணெய்த்தாள் ஒட்டுவார்கள். இந்த வேலைக்குத் தாய் செய்ய வேண்டியது ஒன்றுதான். பக்கத்தில் ஒரு பாயைப் போட்டு இருந்து பார்க்க வேண்டும்.

இன்னொன்று கூழ். மார்கழி மழை விடாமல் பெய்யும் நாளில் கொழும்புத்துறை வீடுகளில் ஒடியல் கூழ் காய்ச்சுவதுபோல ஒரு சுகம் வேறில்லை. ஒடியல் மாவை ஊறவைத்துக் கயர் நீரை வடித்து, மீன் தலை, சின்ன நண்டு, இறால், மரவள்ளி, பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கை இலை, அரைத்த செத்தல், பழப்புளி என்று கிடைப்பதைப் போட்டால் போதும். விலைப்பட்ட பெரிய மீன் எதுவும் வேண்டாம். கரையில் தெரிந்து கழித்த சின்ன மீனே கூழுக்கு ருசி. பலா இலையைக் கோலிக் குடித்துக்கொண்டு, கூரையில் மழை விழுவதைக் கேட்டிருப்பது. ஒழுகாத கூரையில் விழும் மழையின் சத்தம் தறப்பாள் கொட்டிலில் இருந்தவர்களுக்குத்தான் விளங்கும்.

நள்ளிரவுத் திருப்பலிக்குப் போக மனம் வராத பெண்களும் இருக்கிறார்கள். புதுச்சீலைக் கூட்டத்துக்குள் தனியாக நிற்பது கஷ்டம் என்பார்கள். காலைப் பூசைக்குப் போகலாம், அதில் ஒரு குறையும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் 24ஆம் திகதி இரவு பிள்ளைகளை அயலாரோடு கோவிலுக்கு அனுப்பிவிட்டு, கணவரின் படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுதிரி கொளுத்தி, இஞ்சி போட்ட பிளேன்ரீ ஒன்றை இருந்து குடிப்பார். வருடத்தில் சூடாறாமல் குடிக்கிற ஒரேயொரு தேத்தண்ணி அதுதானாம்.

பெருநாள் அன்று காலையில் பலகாரத் தட்டுகள் வேலிக்கு வேலி போகத் தொடங்கும். மேலே ஒரு துணி மூடி, பிள்ளைகள்தான் கொண்டு ஓடுவார்கள். வாங்கியவர் வெறுந்தட்டைத் திருப்பித் தரமாட்டார். ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுத் தருவார். மூன்று கிழமையில் தைப்பொங்கல் வரும்போது சைவ வீட்டுப் பொங்கல் அதே தட்டில் இங்கே வரும்.

26ஆம் திகதி ஊர் அடங்கிப்போய்விடும். 2004இல் அந்தக் காலையில்தான் வடமராட்சிக் கிழக்கிலும் முல்லைத்தீவிலும் கடல் எழும்பி வந்தது. காலை 9.25க்கு இரண்டு நிமிடம் எழுந்து நின்று அஞ்சலி செய்வார்கள். அங்கே உறவுகளைக் கொடுத்த குடும்பங்கள் இந்தப் பக்கத்திலும் உண்டு. அன்றைக்கு ஒருவரும் அடுப்பில் பெரிதாக ஒன்றும் வைப்பதில்லை. மிச்சமிருக்கும் பலகாரமும் பாணும் சம்பலும்தான்.

குடிலை மூவிராசாக்கள் திருநாள் வரை வைத்திருப்பார்கள். பிறகு வைக்கோல் அயல் வீட்டு மாட்டுக்குப் போகும். சிரட்டைகளில் முளைத்த நெல்லும் பயறும் அதற்குள் உயர்ந்து சரிந்திருக்கும். அதை ஆட்டுக்குட்டிக்கு யார் கொடுப்பது என்று எல்லா வீட்டிலும் பிள்ளைகளுக்குள் ஒரு சண்டை நடக்கும்.