மடக்குக் கத்தியின் மறுமுனை

உக்கடத்தில் பழைய இரும்புக் கடை ஒன்றில், எடைக்கு வந்த சாமான்களுக்கு நடுவே அந்தக் கத்தியைப் பார்த்தேன். பித்தளைப் பிடி. ஒரு பக்கம் மடங்கும் சின்ன அலகு. கறுத்திருந்ததே தவிர, துரு உள்ளே இறங்கவில்லை. பிடியின் மறுமுனையிலும் பள்ளம் வெட்டி, ஆணி அடித்து, எதையோ மடங்கும்படி பூட்டியிருந்தார்கள். அது ஒடிந்துபோய் அடிக்கட்டை மட்டும் நின்றது. தட்டையான அலகு இல்லை, கம்பிபோல் உருண்டை. அது என்னவாக இருக்கும் என்ற யோசனையோடுதான் காசு கொடுத்து வாங்கினேன்.

கோயம்புத்தூரில் மடக்குக் கத்தியில் மனம் வைத்தவர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறோம். ஒருவர் பம்புசெட் பட்டறை வைத்திருக்கிறார். ஒருவருக்கு வார்ப்படத் தொழிற்சாலையில் வேலை. இன்னொருவர் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்காரர். கூடும்போது ஆளுக்கொன்றாக எடுத்து மேசையில் வைப்போம். பிரான்சின் சவோய் மலைநாட்டில் 1890இல் பிறந்த ஒப்பினெல், ஜப்பானில் மிகி நகரத்து ஹிகோனோகாமி, உத்தரப்பிரதேசத்து ராம்பூரி, நட்சத்திரமும் மால்டா சிலுவையும் பொறித்த ஷெஃபீல்டு ரோட்ஜர்ஸ். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஊர் உண்டு, செய்தவர் பெயரோ முத்திரையோ உண்டு. நம் ஊர் மடக்குக் கத்தி என்று எடுத்து வைக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. அரிவாள் என்றால் திருப்பாச்சேத்தியைச் சொல்லலாம். மடங்கும் கத்திக்கு எந்த ஊரைச் சொல்வது? இந்தக் குறை எங்களுக்கு நெடுநாளாக இருந்தது.

இன்னொரு வருத்தமும் உண்டு. சட்டைப் பையில் கத்தி வைத்திருப்பவன் என்றாலே வம்புக்காரன் என்று ஆகிவிட்டது. தேங்காய் நார் பிரிக்க, மாங்காய் நறுக்க, மூட்டைச் சணல் அறுக்க ஒரு சின்னக் கத்தி இடுப்பில் இருப்பது இந்த மண்ணில் சாதாரணமாக இருந்த காலம் ஒன்று உண்டு. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள்கூட 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகைத்தான் கணக்கில் எடுக்கின்றன. வீட்டுக்கும் உழவுக்கும் தொழிலுக்கும் செய்த கத்திகளை அதிலும் விலக்கிவிடுகின்றன. எங்கள் கத்திகள் 3 அங்குலத்தைத் தாண்டுவது அபூர்வம். இருந்தாலும் விமான நிலையம், நீதிமன்றம், திருவிழாக் கூட்டம் என்றால் வீட்டில் வைத்துவிட்டுப் போவதை நாங்களே விதியாக்கிக்கொண்டிருக்கிறோம்.

பழைய கத்தி கைக்கு வந்தால் உடனே சாணைக்குக் கொண்டுபோகக் கூடாது. சாணைச் சக்கரத்தின் சூட்டில் மெல்லிய வாய் ஒரு நொடியில் நீலம் பாரித்துவிடும். அத்தோடு கொல்லர் காய்ச்சித் தோய்த்து ஏற்றிய துவைச்சல் இறங்கிவிடும். அது மட்டுமல்ல, முன்னால் வைத்திருந்தவர் எப்படித் தீட்டினார் என்ற தடமும் அழிந்துபோகும். அந்தத் தடம்தான் எங்களுக்கு முக்கியம். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மூங்கில் சீவலால் பள்ளத்து அழுக்கை நெம்பி எடுத்து, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வாய் ஒரு பக்கம் மட்டுமே சரிவாகத் தீட்டப்பட்டிருந்தது, மறுபக்கம் சப்பட்டை. பழம் நறுக்கவும் குச்சி சீவவும் வைத்திருக்கும் கத்தியை இரு பக்கமும் சரித்துத் தீட்டுவார்கள். ஒரு பக்கச் சரிவு, எதையோ நேர்கோட்டில் ஓரம் எடுப்பவர் தீட்டும் முறை. அலகின் மறைவான இடத்தில் அரத்தை வைத்தபோது கடிக்காமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. நல்ல எஃகு, நல்ல துவைச்சல்.

அதே சரிவைக் காப்பாற்றித்தான் தீட்டினேன். முதலில் தண்ணீர் ஊறிய கல்லில் சரிவுப் பக்கத்தை மட்டும், மறுபக்கத்தில் பிசிறு விரலுக்குத் தட்டும்வரை தேய்த்தேன். பிறகு சப்பட்டைப் பக்கத்தைக் கல்லில் ஒட்டப் படியவைத்து அந்தப் பிசிறை எடுத்தேன். கடைசிப் பதத்துக்குத் தோப்புக்கார நண்பர் ஒரு பழைய வழி சொன்னார். பனையேறிகள் பாளை சீவும் அரிவாளுக்கு மரப்பலகையில் வெங்கச்சங்கல்லைப் பொடித்துத் தூவித் தேய்ப்பார்கள். தெளுவு இறக்குபவருக்குப் பாளையை ஊடு தெரியும் அளவுக்கு மெல்லிசாகச் சீவ வேண்டும், வாய் கொஞ்சம் மழுங்கினாலும் பாளை நசுங்கிச் சொட்டு நின்றுவிடும். காங்கயம் பக்கம் எந்தக் காட்டில் குனிந்தாலும் வெங்கச்சங்கல் கிடைக்கும். அதை இடித்து, துணியில் சலித்து, பலகையில் தேய்த்துக் கொடுத்த பதம் எங்களிடம் உள்ள எந்த விலையுயர்ந்த கல்லுக்கும் குறைந்ததில்லை.

கத்தி பக்கம் தெளிவானது. ஒடிந்த பக்கம்தான் பிடிபடவில்லை. நண்பர்களுக்குள் ஆளுக்கொரு யூகம். கொறங்காட்டில் ஆடு மேய்ப்பவருக்கு வெள்வேல முள் எடுக்க முள்வாங்கி என்றார் ஒருவர். தோல் தைக்கும் குத்தூசி என்றார் இன்னொருவர். வெற்றிலைப் பைக்காரர் சுண்ணாம்பு எடுக்கும் குச்சி என்றும் ஒரு பேச்சு வந்தது.

சென்னிமலைப் பக்கம் ஒரு கொல்லுப்பட்டறைக்குக் கொண்டுபோனேன். பெரியவர் லாரிப் பட்டையில் கொடுவாள் அடித்துக்கொண்டிருந்தார். சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் என்று லாரித் தொழில் பெருகிய இந்த வட்டாரத்தில் கழித்துக் கட்டிய பட்டைக்குப் பஞ்சமில்லை. கரி நூற்றுக்கு அரையைத் தாண்டும் அந்த வில் எஃகுதான் இன்று கொங்குக் கொல்லருக்கு மூலப்பொருள். அவர் கத்தியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“குத்தற ஊசின்னா அடி கனமா இருக்கோணுங்க. இது அடியே சன்னமா இருக்குது. ஒடிஞ்சிருக்கற வாக்கப் பாருங்க, பக்கவாட்டுல அழுத்தி அழுத்தி ஒடிஞ்சிருக்குது. இது குத்தறதுக்கு இல்லீங்க தம்பி, கீறறதுக்கு.”

அந்த ஒரு சொல்லோடு பேரூரில் இருக்கும் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவரைப் பார்க்கப் போனேன். ஏடு பார்த்துப் பழகியவர். நான் வாயைத் திறக்கும் முன்பே, “மடக்கெழுத்தாணியா? எங்க கெடச்சுதுங்க?” என்றார்.

எழுத்தாணியில் மூன்று வகை என்று அவர் எடுத்துச் சொன்னார். உ.வே.சாமிநாதையரும் தம் இளமைக்காலக் கல்வியைப் பற்றி எழுதிய இடத்தில் அவற்றை விவரித்திருக்கிறார். கனத்த கொண்டை வைத்தது குண்டெழுத்தாணி. கொண்டை இருக்க வேண்டிய இடத்தில் சின்னக் கத்தி வைத்தது வாரெழுத்தாணி. கூர்முனையையும் கத்தியையும் பிடிக்குள் மடக்கிக்கொள்ளும்படி செய்தது மடக்கெழுத்தாணி. உ.வே.சா. 1855இல் பிறந்தவர். ஏட்டில் படித்து அச்சில் பதிப்பித்த தலைமுறை. அவர் கண்ட பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மடங்கும் கத்தி என்பது படிப்பவர் வைத்திருக்கும் பொருள்.

ஓலையைப் பற்றித் தெரிந்தால் கத்தி ஏன் என்பது தானே விளங்கும். பனை ஓலையை நரம்பு நீக்கி, ஓரம் வாரி, ஒரே அகலமாக நறுக்கி, கயிறு கோக்கத் துளையிட்டு ஏடாக்க வேண்டும். ஓரம் பிசிறடித்தால் அடுக்கு ஒழுங்காக நிற்காது, பிசிறில் தொடங்கும் கீறல் எழுத்துவரை ஓடும். அதனால்தான் அந்த ஒரு பக்கச் சரிவு, நேர்கோட்டு வாய். எழுதும்போது இடக்கைக் கட்டைவிரல் நகத்தில் பிறைபோல் வெட்டி, அதில் எழுத்தாணியைத் தாங்கவைத்து, ஓலையை நகர்த்தி நகர்த்திக் கீறுவார்கள். எழுதி முடித்ததும் இலைச்சாறும் கரியும் கலந்து மையாடினால் கீறிய இடம் கறுத்து எழுத்து தெரியும். கொல்லர் சொன்ன பக்கவாட்டு அழுத்தம் இதுதான். ஒவ்வொரு சுழிக்கும் அந்த ஊசி பக்கவாட்டில் தாங்கியிருக்கிறது.

கொங்கில் இதை இடுப்பில் செருகியவர்கள் யார் யார்? ஊர்க் கணக்கு எழுதியவர்கள், சோதிடர்கள், வைத்தியர்கள், திண்ணைப் பள்ளி வாத்தியார்கள், புலவர்கள். பனை நிறைந்த நாடு இது, ஏட்டுக்குக் குறைவில்லை. கார்மேகக் கவிஞரின் கொங்குமண்டல சதகத்தைத் திருச்செங்கோடு முத்துசாமிக் கோனார் 1923இல் பதிப்பித்துக் கொடுத்ததும், ஈரோட்டுப் புலவர் செ. இராசு வாழ்நாள் முழுக்க ஓலைப் பட்டயங்களையும் செப்பேடுகளையும் தேடித் தொகுத்ததும் அந்தக் கைகள் விட்டுச்சென்ற எழுத்தைத்தான். ஊர்க் கணக்கர்களான கர்ணங்களின் பரம்பரை முறையை 1980இல் தமிழக அரசு ஒழித்தது. அதற்கு வெகு முன்பே கணக்கு காகிதத்துக்கு மாறிவிட்டது. எழுத்தாணிக்கு வேலை இல்லாமல் போயிற்று. அதோடு பூட்டியிருந்த கத்திக்கு வேலை போகவில்லை. பாக்கு சீவவும் பென்சில் கூராக்கவும் அது தேவைப்பட்டது. நான் வாங்கிய கத்தியில் ஊசி ஒடிந்தும் அலகு ஓயாமல் தீட்டப்பட்டிருப்பதை அப்படித்தான் படிக்கிறேன்.

மேற்கு நாடுகளிலும் இதே கதைதான் நடந்தது. அங்கே எழுதுபவர் வாத்து இறகைச் சீவிச் சீவி எழுதினார். கையோடு கத்தி இல்லாமல் ஒரு கடிதம் முடியாது. 1820, 30களில் பர்மிங்காமில் எந்திரத்தில் செய்த எஃகு முள் மலிவாக வந்ததும் இறகு ஒழிந்தது. கத்தி மட்டும் சட்டைப் பையில் தங்கி, ஷெஃபீல்டிலிருந்து கப்பலேறி நம் ஊர் வரை வந்தது. ரோட்ஜர்ஸ் கத்தியையும் எங்கள் பித்தளைப் பிடியையும் பக்கத்தில் வைத்தபோது இரண்டுமே எழுதுகிறவர் இடுப்பில் வளர்ந்தவை என்று எனக்குப் பட்டது. இரண்டில் எதிலும் சண்டைக்காரன் கை தெரியவில்லை. மடக்குக் கத்தியைப் பற்றி நம்மூரில் இருக்கும் பயத்துக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

எஃகைப் பற்றியும் தேடாமல் விட மனம் வரவில்லை. கொல்லுப்பட்டறையிலிருந்து கொடுமணல் தூரமில்லை. நொய்யலின் வடகரை. 1985 முதல் அங்கே நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும், மூசை என்னும் மண்கலத்தில் எஃகு காய்ச்சிய தடயங்களும், மணி செய்த பட்டறைகளும் கிடைத்தன. தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. பானையைச் சுட்ட பிறகு அதன்மேல் கூர்முனையால் கீறிய பெயர்கள் அவற்றில் நிறைய. பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இது என்பது ஆய்வாளர் கருத்து. எஃகு காய்ச்சியவரும் பெயர் கீறியவரும் ஒரே ஊரில் அடுத்தடுத்து இருந்திருக்கிறார்கள். அங்கிருந்து என் கத்திவரை நேர்கோடு போட நான் துணியமாட்டேன், இடையில் இரண்டாயிரம் ஆண்டு. ஆனால் கூரான இரும்பும் எழுத்தும் இங்கே எவ்வளவு காலமாகச் சேர்ந்து வாழ்கின்றன என்பதற்கு அந்த ஓடுகள் போதும்.

மூசையில் எஃகு காய்ச்சும் தொழில் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரையிலும் இந்தப் பகுதிகளில் இருந்தது. பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கிய ஜோசையா ஹீத் நம் கொல்லர் முறையை எழுதி வைத்திருக்கிறார். இரும்புத் துண்டுகளோடு ஆவாரங்குச்சிகளை மூசைக்குள் போட்டு, எருக்கிலையால் மூடி, களிமண் அப்பி, உலையில் வைத்து ஊதுவார்கள். ஆவாரையும் எருக்கும் எங்கள் காட்டு வரப்பில் இன்றும் நிற்கின்றன. 1795இல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஜார்ஜ் பியர்சன் இந்திய எஃகைப் பற்றிய ஆய்வைப் படித்தார். அதற்காக ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்திக் கைவினைஞர் அந்த எஃகில் செய்து பார்த்தது எழுதுபவர் வைத்திருக்கும் ஒரு சின்னக் கத்திதான். இங்கிலாந்தின் சிறந்த எஃகுக் கத்திக்கு அது ஈடாக வெட்டியது. பின்னால் மைக்கேல் ஃபாரடேயோடு சேர்ந்து எஃகுக் கலவைகளை ஆராய்ந்தவரும் இதே ஸ்டோடார்ட். அந்த எஃகு பம்பாயிலிருந்து அனுப்பப்பட்டது. கொங்கு எஃகு என்று உரிமை கொண்டாட முடியாது. அப்படியிருந்தும், நம் மூசையில் காய்ச்சும் வகை எஃகை லண்டனில் அன்று சோதித்தது எழுதுபவரின் கத்தியாக என்பதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒடிந்த ஊசியை மாற்ற வேண்டாம் என்று எல்லோருமாக முடிவு செய்தோம். அதற்குப் பதில் புதிதாக ஒன்று செய்தோம். ஊசியும் அலகும் சென்னிமலைப் பெரியவர் அடித்தார். பித்தளைப் பிடியைப் பம்புசெட் பட்டறையில் கடைந்தோம். பேரூர் ஆசிரியர் அதில் எழுதிப் பார்த்து, ஊசியின் நுனியை இன்னும் கொஞ்சம் மழுக்கச் சொன்னார். ரொம்பக் கூராக இருந்தால் ஓலையைக் கிழித்துவிடுமாம். மழுக்கியதும் சுழிகள் சரியாக விழுந்தன.

உங்கள் வீட்டு அட்டாலியிலோ பழைய தகரப் பெட்டியிலோ இதுபோல ஒன்று கிடக்கலாம். புளி போட்டுத் துலக்காதீர்கள், சாணைக்காரரிடம் கொடுக்காதீர்கள். உலர்ந்த துணியால் துடைத்து, ஆணியில் ஒரு துளி மிஷின் எண்ணெய் விட்டால் போதும். யார் வைத்திருந்தது, எந்த ஊர், அவர் என்ன வேலை பார்த்தார் என்று ஒரு சீட்டில் எழுதி அதோடு கட்டி வையுங்கள். பிடியிலோ அலகின் அடியிலோ எழுத்தோ, புள்ளியோ, குத்துக்குறியோ இருந்தால் சாய்வான வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். செய்த பட்டறையைக் கண்டுபிடிக்க அந்தக் குறிகளைத்தான் நம்பியிருக்கிறோம். எங்கள் கத்தியின் அலகடியில் மூன்று புள்ளிகளும் ஒரு கோடும் இருக்கின்றன.