கிரவுனா, பேரிங்கா?

கோவையிலிருந்து செட்டிபாளையம் போகும் சாலையில் இருக்கிறது அந்தப் பட்டறை. இன்னும் கொஞ்சம் போனால் கரி மோட்டார் ஸ்பீட்வே. பந்தய வண்டிகளைத் தானே வடிவமைத்துக் கட்டிய எஸ். கரிவரதன் பெயரில் 2003இல் திறந்த 2.1 கிலோமீட்டர் தடம். அந்தப் பக்கத்தில் வேக வண்டிகளைத் தொட்டுப் பழகிய கைகளுக்குக் குறைவில்லை.

நான் போனபோது ஜப்பானில் செய்த இரண்டு சீட்டு வண்டி ஒன்று வந்து நின்றது. 3.7 லிட்டர் வி6 எஞ்சின், இழுப்பு பின்சக்கரத்தில். அறுபதைத் தாண்டினால் ‘ஹூம்’ என்று ஒரு சத்தம். வேறொரு பட்டறையில் டயர்தான் என்று சொல்லி, பின்பக்க ஜோடியை மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். காசு போனது, சத்தம் போகவில்லை. சாதாரணக் கார் என்றால் முன்டயரைப் பின்னால் போட்டுப் பார்த்துவிடலாம். இதில் முன்பக்கம் 245, பின்பக்கம் 275 அகலம். அந்தச் சோதனைக்கு வழியில்லை.

பட்டறைப் பெரியவர் சாவியை வாங்கியதும் ஸ்பானரைத் தேடவில்லை. “மொதல்ல ஒரு டிரையல் போயிட்டு வந்துரலாமுங்க” என்று என்னையும் ஏற்றிக்கொண்டு நீலாம்பூர்–மதுக்கரை பைபாஸில் விட்டார். பாட்டையும் ஏசியையும் அணைத்தார். எண்பதில் சத்தம் தெளிவாக வந்தது. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குத் தள்ளினார். எஞ்சின் அடங்கியது, சத்தம் அடங்கவில்லை. ஆக, எஞ்சின் இல்லை. மறுபடி கியர் போட்டு, ஆக்சிலேட்டரை மிதித்தும் விட்டும் பார்த்தார். பின்சக்கரங்களுக்கு இழுப்பைக் கடத்தும் கிரவுன் பினியன் பற்சக்கரங்கள் தேய்ந்திருந்தால் இழுக்கும்போது ஒரு குரல், விடும்போது வேறு குரல் வரும். இங்கே இரண்டுக்கும் ஒன்றுதான்.

“கிரவுன் ஊளையிடுமுங்க. இது உறுமுது.”

இதற்குக் கணக்கு உண்டு. பின் டயரின் சுற்றளவு இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். எண்பதில் நொடிக்குப் பத்துச் சுற்று. பேரிங்கின் வெளிவளையத்தில் ஒரு பள்ளம் விழுந்து, உள்ளே பன்னிரண்டு குண்டுகள் இருப்பதாக வைத்தால், சுற்றுக்கு ஏறக்குறைய ஐந்து குண்டுகள் அதில் இடறும். நொடிக்கு ஐம்பது சொச்சம், அடித்தொண்டைச் சத்தம். பினியனோ சக்கரத்தைவிட மூன்றரை மடங்கு வேகத்தில், ஒவ்வொரு சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பற்களைக் கடித்துக்கொண்டு ஓடும். நொடிக்கு நானூறு பக்கம் வந்துவிடும். அவரிடம் சொன்னேன். “அப்படிங்களா” என்றதோடு சரி.

சிமெண்ட் போட்ட ஒரு துண்டு வந்தது. டயர் சத்தமாக இருந்தால் அங்கே மாறியிருக்கும், மாறவில்லை. ஆளில்லாத இடம் பார்த்து ஸ்டீயரிங்கை இலேசாக இடதுபக்கம் சாய்த்தார். பாரம் வலதுபக்கம் இறங்க, உறுமல் தடித்தது. வலதுபக்கம் சாய்த்தால் மெலிந்தது. “வலது பின்பக்கமுங்க. மத்தத மேல தூக்கிப் பாத்துக்கலாம்.”

லிஃப்டில் ஏற்றி, பையனைச் சக்கரத்தைச் சுற்றச் சொன்னார். என் கையைப் பிடித்து ஸ்பிரிங்கின் மேல் வைத்தார். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டியபோது துளி ஆட்டம் இல்லை. ஆனால் சுழலும்போது கம்பி வழியே பொடிமணலை அரைப்பது போல ஒரு நறநறப்பு விரலுக்கு ஏறியது. இடதுபக்க ஸ்பிரிங்கில் அப்படி எதுவும் இல்லை.

கழற்றிய பேரிங்கை கிரைண்டரில் அறுத்துக் காட்டினார். கிரீஸ் கறுத்திருந்தது. குண்டு ஓடும் தடத்தில் ஒரே இடத்தில் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது. பக்கவாட்டு உயரம் குறைந்த டயர் பள்ளத்தில் விழுந்தால் அடியைத் தாங்க ரப்பர் இல்லை, அடி நேராகப் பேரிங்குக்குப் போகிறது. நம் சாலைக்கு இந்த வண்டி தோதில்லை என்பது என் கட்சி. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “ரோட்டத்தான் சொல்லோணும்.”

ஹப்போடு சேர்ந்தே வரும் புதுப் பேரிங்கைப் பூட்டினார்கள். ஆக்சில் நட்டை முறுக்க, பையன் காற்றுத் துப்பாக்கியை எடுத்தான். “டேய் கண்ணு, அத வெய்யி.” டார்க் ரெஞ்ச் வந்தது. நட்டை முழுசாக இறுக்காமல் வண்டியை உருட்டினாலே புதுசும் கெட்டுவிடுமாம். “சரிங்ண்ணா” என்று பையன் குனிந்தான்.

பில்லில் இரண்டே வரி: சாமான், கூலி. டிரையல் ஓட்டிக் கண்டுபிடித்ததற்கு ஒரு பைசா இல்லை. சாமான் மாற்றத் தெரிந்தவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். எதை மாற்ற வேண்டும் என்று சொல்பவருக்குத்தான் பில்லில் வரி இல்லை. கேட்டதற்குச் சிரித்தார்.

வண்டிக்காரத் தம்பி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். உறுமல் போய்விட்டது, ஆனால் இப்போது வேறொரு இரைச்சல் கேட்கிறது என்றார்.

“அது டயருங்க தம்பி. இவ்வளவு நாளா பேரிங் அத மறைச்சு வெச்சிருந்துச்சு. அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது, பாட்ட வெச்சுக்கங்க.”